வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க

போனில் சத்தம் இல்லாமல் போன பிறகுதான் தையல்காரிக்குப் புருஷன் மேல் சந்தேகம் வந்தது.

அவள் புருஷன் லாரி டிரைவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாதத்தில் பாதிக்கு மேல் ரோட்டில்தான் குடித்தனம். எந்த ஊரில் லோடு இறக்கினாலும், எந்தப் பேட்டையில் வண்டியை ஒதுக்கினாலும், சாப்பிட்டுக் கையைக் கழுவியதும் அவளுக்குப் போன் போட்டுவிடுவான். அந்த விஷயத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. அவன் குரலுக்குப் பின்னால் லாரி இன்ஜின் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் ஏசிக்காக, குளிர் காலத்தில் ஹீட்டருக்காக, விடிய விடிய வண்டி ஸ்டார்டிங்கிலேயே நிற்கும். அணைத்துவிட்டால் கேபினில் மனுஷன் படுக்க முடியாது, வெந்து போவான், இல்லை விறைத்துப் போவான். டீசலைக் குடித்துப் புகையைக் கக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓடும் அந்த இன்ஜினை ஊரே திட்டும். தையல்காரி மட்டும் திட்ட மாட்டாள். இன்ஜின் ஓடுகிறது என்றால் புருஷன் வண்டியில் இருக்கிறான், தனியாக இருக்கிறான். அவளுக்கு வேறென்ன வேண்டும்?

பொறாமையில் அவளுக்கு ஈடு அவள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். மருந்துக் கடைப் பெண் மீதிச் சில்லறையைச் சிரித்துக்கொண்டே அவன் கையில் கொடுத்தாள் என்பதற்காக அந்தக் கடைப் பக்கமே போவதை நிறுத்தியவள். தலைவலி வந்தால் இரண்டு தெரு தள்ளிப் போய் மாத்திரை வாங்குவாள், அதற்குள் தலைவலி இரண்டு மடங்காகியிருக்கும். மற்றபடி நல்லவள், உழைப்பாளி. திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிக்கூடச் சட்டை என்று வீட்டில் மோட்டார் மெஷின் வைத்துத் தைக்கிறாள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. வேர்வை துணியில் சொட்டாமல் இருக்க நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு தைப்பாள். மெஷின் ஓடுகிற சத்தத்தை வைத்தே நூல் அறுபடப் போகிறதா, ஊசி மழுங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட காது.

அந்தக் காதுக்குத்தான் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

"சாப்பிட்டியா?" என்றான் டிரைவர்.

"ஆச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"வண்டியிலதான்."

"இன்ஜின் சத்தத்தையே காணோம்?"

"அதான் போறப்பவே சொன்னேனே, ஆபீஸ்ல புது வண்டி குடுத்திருக்காங்கன்னு. இதுல ஏசிக்குத் தனி பேட்டரி. பகல்ல ஓடுறப்ப சார்ஜ் ஏறிக்கும். பேட்டையில கம்பத்துலயே கரண்டும் குடுக்குறாங்க, வயரைச் சொருகிட்டா போதும். இன்ஜின ஆஃப் பண்ணிட்டுப் படுத்துக்கலாம்."

"இன்ஜின் ஓடாம லாரியில ஏசி ஓடுதாக்கும்? யாருக்குக் காது குத்துறீங்க?"

"அட, வந்துதான் பாரேன். ஜில்லுன்னு இருக்கு. புகை இல்ல, ஆட்டம் இல்ல. ரெண்டு நாளா இருமலே இல்ல எனக்கு."

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. பழைய வண்டியாக இருந்தால் இன்ஜின் சத்தத்தில் அமுங்கிப் போயிருக்கும். இப்போது பக்கத்து அறையில் நின்று பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது, இளம் பெண்ணின் குரல். "அண்ணே, சாப்டாச்சா? படுத்துட்டீங்களா?"

"ஆச்சும்மா, ஆச்சும்மா" என்றான் டிரைவர்.

தையல்காரிக்கு உச்சந்தலை சுர்ரென்றது. "யாரது?"

"பேட்டையில பிளக் போடுற பொண்ணு. படுத்தாச்சுன்னு சொன்னா கரண்ட் குடுத்துட்டுப் போகும். அது வேலை அது."

"நல்ல வேலை. அதையும் 'ம்மா', என்னையும் 'ம்மா'வா?"

"தொடங்கிட்டியா?" என்றான். அவன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் ஓரகத்தி டீ டம்ளரோடு வந்து மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டிரைவருடைய தம்பி பெண்டாட்டி, அதே வீட்டின் முன்பக்கத்தில் இருக்கிறாள். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பேர். அவள் புருஷனுக்குப் பக்கத்து மர மில்லில் வேலை, பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடுவான். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

தையல்காரி சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள். பாதி உறை தைப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஆம்பளைங்க போன் பேசுறப்ப பின்னால சத்தமே இல்லேன்னா ரெண்டே எடந்தான்க்கா. ஒண்ணு ஆஸ்பத்திரி. இன்னொண்ண நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லித் தொலை."

"லாட்ஜு."

"போடி. அவரு அந்த மாதிரி ஆளில்ல."

"நான் சொன்னேனா? எங்க வீட்டுக்காரரையே நான் நம்ப மாட்டேன். ஆனா ஒண்ணு, சாயங்காலமானா கண்ணு முன்னாடி காலை நீட்டி உக்காந்திருப்பாரு. காதை வச்சுப் புருஷனைக் காவல் காக்குற தலையெழுத்து எனக்கில்ல." டீயை உறிஞ்சிவிட்டு மேலும் சொன்னாள். "வண்டியில இருந்தா இன்ஜினப் போட்டுக் காட்டட்டுமே. அதுல என்ன கஷ்டம்?"

அன்றைக்குப் போன் வந்ததும் தையல்காரி சாப்பாட்டு விசாரணையெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. "வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நான் கேக்கணும்."

பிறகு சாவி திரும்பியது, குடுகுடு வந்தது. பழைய வண்டி போல இல்லை, ஒரே சீராக, புதிதாக எண்ணெய் விட்ட மெஷின் போல ஓடியது. தையல்காரிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அப்படியே ஓடட்டும்" என்றாள். "நான் தூங்குற வரைக்கும் அணைக்காதீங்க." அவளுக்கு அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வராது. சும்மா எதையாவது பேசிக்கொண்டே கிடந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, அவன் "ம்", "சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

இதுவே வழக்கமாகிப் போனது. அந்த வாரம் முழுக்க ஓடிற்று. ஒரு நாள் அவன் குரலைத் தாழ்த்தி, "தினமும் வேணாம்மா, ஆபீஸ்ல ஒரு மாதிரி பேசுறாங்க" என்றான்.

"பொண்டாட்டி கேக்க இன்ஜின் போட்டா ஆபீஸுக்கு எங்க வலிக்குது?"

"உனக்குச் சொன்னாப் புரியாது."

"புரியாது. அந்தப் பிளக்குக்காரிக்குப் புரியும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவன் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தாள். அவள் கேட்காமலே பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

வழிக்கு வந்துவிட்டான் என்று முதலில் சந்தோஷப்பட்டாள். கொஞ்சம் கேட்டதுமே தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். இந்த இன்ஜின் நான்கு தட்டுக்கு ஒரு தட்டு விட்டுவிட்டு ஓடியது. நடுநடுவே பெல்ட் வேறு கீச்சிட்டது. புது வண்டியின் சத்தத்தை ஒரு வாரம் முழுக்கக் கேட்டவள். அது இது இல்லவே இல்லை.

வேறு யாராவது என்றால், "இது யாரு வண்டி?" என்று கேட்டிருப்பார்கள். பொறாமைக்காரி கேட்பாளா? "சரிங்க, படுங்க" என்று தேன் ஒழுகச் சொல்லிவிட்டு வைத்தாள். வேறு எவன் வண்டியையோ ஓடவிட்டு ஏமாற்றுகிறார். அப்படியானால் இவர் எங்கே நிற்கிறார்? எவளோடு நிற்கிறார்? அழுகை வரவில்லை, எரிந்தது. தைக்க வேண்டிய திரைச்சீலைகளை அப்படியே சுருட்டி வைத்தாள். மறுநாள் அவித்த முட்டையும் ரொட்டியும் பையில் போட்டுக்கொண்டு, இந்த மாதம் முழுக்க அவன் தினமும் லோடு இறக்கிவிட்டு வந்து தங்கும் பேட்டைக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஓரகத்தி வாசல் வரை வந்து, "கையும் களவுமாப் பிடிச்சிட்டு எனக்குத்தான்க்கா முதல் போனு" என்று வழியனுப்பினாள்.

பேட்டைக்குள் அவள் காலை வைத்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எத்தனை லாரி! ஒரு பக்கம் பழைய வண்டிகள் வரிசையாக ஸ்டார்டிங்கில் நின்று உறுமிக்கொண்டிருந்தன, தரை அதிர்ந்தது, புகையில் கண் கரித்தது. இன்னொரு பக்கம் புது வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் இடுப்பளவுக்கு ஒரு கம்பம், கம்பத்திலிருந்து வண்டிக்கு ஒரு தடித்த வயர். அந்த வண்டிகளிலிருந்து ஒரு சத்தம் இல்லை. கிட்டப் போனால் ஒரு டிரைவர் கேபினில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குவதுகூடக் கேட்டது.

அந்த வரிசையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் வயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பம் கம்பமாகப் போய்க்கொண்டிருந்தாள். இவள்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தையல்காரியின் கண் அளவு எடுத்துப் பழகிய கண், டேப் வேண்டாம். தோள், கை, இடுப்பு என்று எடுத்து முடித்தது. கிழவியாகவோ குண்டாகவோ இருக்கக் கூடாதா? அழகாக இருந்தாள். சட்டைகூடக் கச்சிதமாகத் தைத்திருந்தது, யார் தைத்தது என்று கேட்க வேண்டும் போல இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

டிரைவரின் வண்டியைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. ஜன்னலில் அவள் தைத்துக் கொடுத்த பச்சைப் பூப்போட்ட திரை தொங்கிற்று. வயர் சொருகியிருந்தது. உள்ளே ஆள் இல்லை.

அதே நேரம் பைக்குள் போன் அடித்தது. அவன்தான். எடுக்காமல் சுற்றுமுற்றும் பார்த்தாள். பேட்டையின் அந்தக் கோடியில், மற்ற வண்டிகளை விட்டுத் தள்ளி, பெயின்ட் உதிர்ந்த ஒரு பழைய லாரி குலுங்கிக் குலுங்கி ஓடிக்கொண்டிருந்தது. அதன் இன்ஜின் பக்கத்தில், ஈரத் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, இன்னொரு காதில் போனை வைத்துக்கொண்டு அவள் புருஷன் நின்றிருந்தான்.

அவள் போனை எடுத்தாள். "எங்க இருக்கீங்க?"

"வண்டியிலதான், வேற எங்க? ஏன் இவ்வளவு நேரம் எடுக்கல?"

"ஏசி போட்டிருக்கா?"

"ஜில்லுன்னு இருக்கு" என்று கத்தினான். துண்டை அவிழ்த்துக் கழுத்து வேர்வையைத் துடைத்தான். புகை முகத்தில் அடித்தது, இருமினான்.

"ஏன் இருமுறீங்க?"

"ஏசிக்காத்து ஒத்துக்கலம்மா."

பழைய லாரியின் ஜன்னல் வழியே ஒரு மொட்டைத் தலை எட்டிப் பார்த்தது. தையல்காரிக்கு அந்த ஆளைத் தெரியும், டிரைவரின் பழைய கூட்டாளி, மொட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். "டேய், உன் பொண்டாட்டிக்கு நான் எத்தன நாளைக்குடா தாலாட்டுப் பாடணும்? எனக்குச் சோறு எறங்கல, அங்க நின்னு கத்திட்டு இருக்கே!" என்று அவன் கத்துவது, போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

"இருடா, இருடா. அவ தூங்கட்டும்" என்றான் டிரைவர், போனைக் கையால் மூடிக்கொண்டு.

தையல்காரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பினால் நீலச் சட்டைக்காரி பக்கத்தில் நிற்கிறாள்.

"யாரும்மா வேணும்? இங்க வெளியாளுங்க வரக் கூடாது."

தையல்காரி கையை நீட்டிப் புருஷனைக் காட்டினாள். அந்தப் பெண் பார்த்தாள், பச்சைத் திரையைப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணியா? அய்யோ, நீங்கதானா! வந்தீங்களே. நீங்களாவது அண்ணனுக்குச் சொல்லுங்க அண்ணி. நீங்க போன் எடுக்காத நாளும் சேத்து நாலு நாளாப் புகையில நின்னு நின்னு திரும்ப இருமல் பிடிச்சிருச்சு."

"ஏன் அங்க போய் நிக்கிறாரு?" என்றாள் தையல்காரி.

"பின்ன? இவரு வண்டியில ஓடவிட முடியாதே. நின்ன எடத்துல இன்ஜின் ஓடுனா வண்டியில இருக்குற ஜி.பி.எஸ். பெட்டி ஆபீஸுக்குக் காட்டிக் குடுத்துரும். ஒரு வாரம் விடிய விடிய ஓடவிட்டிருக்காரு. ஓடவிட்டுட்டே தூங்கிருவாரு போல. மேனேஜர் இங்கயே வந்துட்டாரு. எல்லார் முன்னாடியும், 'கம்பத்துல கரண்ட் குடுத்திருக்கு, அப்புறம் எதுக்குய்யா இன்ஜின்? இன்னொரு தடவை ஓடுச்சு, சாவிய வாங்கி மொட்டைகிட்டக் குடுத்துருவேன், நீ பழைய வண்டிக்கே போ'ன்னு கிழிச்சிட்டாரு. ஏன் ஓடவிட்டேன்னு கேட்டா அண்ணன் வாயத் திறக்கல."

"அப்புறம்?"

"எங்ககிட்ட மட்டும் சொன்னாரு. உங்களுக்குச் சின்ன வயசுல இருந்தே பயமாமே, அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வருமாமே. அதான் மொட்டை அண்ணன் பாவம் பாத்து ஓடவிடுறாரு. இவரு வண்டி போனா அவருக்குத்தான் வரும், இருந்தும் செய்யிறாரு. என்ன, தினமும் திட்டிட்டேதான் செய்யிறாரு."

பயமாம்! பொண்டாட்டி சந்தேகப்படுகிறாள் என்று சொல்ல வாய் வராமல், பயப்படுகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறான். தையல்காரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு நடுவிலும் இவளுக்கு இத்தனை விஷயம் தெரிந்திருக்கிறதே, எனக்குத் தெரியவில்லையே என்று ஒரு மூலையில் எரிந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

போன் இன்னும் காதில்தான் இருந்தது. "கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்றாள்.

அவன் திரும்பினான். பார்த்தான். போன் கீழே விழுந்தது.

கேபினுக்குள் அவளை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினான். வெளியே அத்தனை இரைச்சலும் கதவோடு நின்றுவிட்டது. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. படுக்கையில் அவள் தைத்த விரிப்பு, சுருக்கம் இல்லாமல். அவள் தகரக் கூரையை நினைத்துக்கொண்டாள், இந்தக் கேபின் மேலேயே அவளுக்குப் பொறாமையாக இருந்தது. முட்டையையும் ரொட்டியையும் எடுத்து வைத்தாள். அவன் சாப்பிடாமல் அவள் முகத்தையே பார்த்தான்.

"இப்ப நம்புறியா? இல்ல, ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா?" என்று சாவியில் கை வைத்தான். கேலியாகச் சொன்னானா, கோபமாகச் சொன்னானா தெரியவில்லை. போட்டாலும் போடுவான்.

"கையை எடுங்க" என்று சாவியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "ஆபீஸ்ல இப்படின்னு என்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டாள்.

"எனக்கு இந்த வண்டி போகக் கூடாதும்மா" என்றான். "ஏசிக்காகச் சொல்லல. இதுல படுத்தாத்தான் நீ பேசுறது முழுசாக் கேக்குது. மெஷின் பக்கத்துல கத்திரி வக்கிறது கேக்குது. சாப்பிட்டேன்னு பொய் சொல்றப்ப குரல் எறங்குறதுகூடக் கேக்குது."

"அப்ப இத்தன வருஷமா?"

"பாதி கேக்கும். இன்ஜின் காதுக்குப் பக்கத்துல ஓடுறப்ப வேற என்ன கேக்கும்? மீதிக்கு 'ம்', 'சரி'ன்னு சொல்லிருவேன்."

தையல்காரி கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணாங்களே. அதுக்கு முந்தின நாள் போன்ல என்ன சொன்னேன் தெரியுமா?"

"காலையில ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொன்னே."

"அதுக்கப்புறம்?"

அவன் யோசித்தான். "அவ்வளவுதானே சொன்னே?"

"பயமா இருக்கு, வந்துடுங்களேன்னு சொன்னேன். நீங்க 'சரி சரி, வச்சிரு'ன்னு சொன்னீங்க. அப்புறம் வரல." இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "பொண்டாட்டி செத்தா என்னன்னு இருந்துட்டீங்கன்னு நினைச்சேன். எவளோ இருக்கா, அதான் வரலன்னு நினைச்சேன். அன்னைக்குப் பிடிச்ச சந்தேகம் எனக்கு."

டிரைவருக்கு முகம் செத்துவிட்டது. "எனக்குக் கேக்கலையே" என்றான். "கேட்டிருந்தா லோடோட வந்திருப்பேனே."

"அந்த இன்ஜினைத்தான் இத்தன நாளா எனக்குக் காவலுன்னு நினைச்சிட்டு இருந்தேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதான் எனக்குச் சக்களத்தியா இருந்திருக்கு."

வெளியே கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, சாப்டாச்சா? படுத்துட்டீங்களா?" என்றாள் நீலச் சட்டைக்காரி. தையல்காரியே கண்ணாடியை இறக்கி, "ஆச்சு" என்றாள். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னாள். அது உடனே போகிற குணமா?

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் ஓரகத்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். தையல்காரி ஒன்றும் சொல்லாமல் மிச்சத் திரைச்சீலைகளைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவுக்கு அன்று சோறு இறங்கியிருக்காது.

அவன் வழக்கம் போலக் கூப்பிட்டான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அவள் இன்ஜினைக் கேட்கவில்லை. வந்த வழி, பஸ் கூட்டம், துணிக்காரன் கொடுத்த தொல்லை என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவன் இருமல் மருந்து குடித்திருந்தான் போல, "ம்" சொல்வது நின்று, மெல்லக் குறட்டை வந்தது. ஏ அப்பா, என்ன குறட்டை! வீட்டில் கேட்ட குறட்டைதான், ஆனால் போனில் அத்தனை வருஷம் இன்ஜினுக்கு அடியில் இதுவும் ஓடிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. எவளாவது இருந்திருந்தால் இந்தக் குறட்டைக்கே ஓடிப் போயிருப்பாள் என்று நினைத்துச் சிரித்தாள்.

"என்னக்கா, சத்தம் வருதா?" என்று முன்பக்கத்திலிருந்து ஓரகத்தி கேட்டாள்.

"நல்லா வருது. நீ படு."

போனை வைக்க மனம் வரவில்லை. தலையணையில் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு படுத்தாள். தகரக் கூரை இன்னும் சூடு இறங்கவில்லை. என்ன தோன்றியதோ, தனக்கே கேட்காத குரலில், "பயமா இருக்கு, வந்துடுங்களேன்" என்றாள்.

குறட்டை நின்றது.

"என்னம்மா? என்ன பயம்?" என்றான். அவன் பதறி எழுந்து உட்காருவது கேட்டது. விரிப்பை உதறுவது கேட்டது. இருட்டில் தடவித் தடவிச் சாவியைத் தேடுவது கேட்டது. "இரு, இப்பவே கெளம்புறேன்."

"வேணாங்க, சும்மா சொன்னேன்" என்றாள். "படுங்க."